மூன்று நாள் கடைசல்

உளி மரத்தில் சரியாகப் பிடிக்கிறதா என்பதை மற்றவர்கள் சத்தத்தை வைத்துக் கண்டுகொண்டார்கள். அங்கமுத்துவுக்கு அந்தச் சத்தம் கேட்காது. அவர் இடுப்பைக் கடைசல் மிஷினின் சட்டத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். உளி நன்றாக ஓடினால் இடுப்பெலும்பில் மெல்லிய நடுக்கம் ஒன்று ஒரே சீராக ஏறும். முனை தடுக்கினால் அது துண்டு துண்டாக உடையும். உடைந்த மறுகணமே கையைத் தளர்த்தினால் மரம் தப்பிக்கும். முதல் வாரத்தில் பதினோரு கட்டைகள் தப்பிக்கவில்லை.

எல்லாம் ஈட்டி மரம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் சதுரமாக அறுத்து வந்த கட்டைகள். அதை உருட்டையாக்கி, கீழே பாதம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு, மேலே தோள் என்று கடைந்து இறக்கி, தனியாக ஒரு தலை செய்து பொருத்த வேண்டும். உள்ளே பம்பாயிலிருந்து பொட்டலமாக வந்த இரும்புப் பல்லும் நீளக் கம்பியும் போகும். தலையைத் திருகினால் மிளகு நொறுங்கிக் கீழே கொட்டும். மாதிரிக்கு வந்த மிளகு மில் ஒன்று முதலாளி அர்த்தநாரியின் மேசையில் நின்றது. வெளிநாட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே பிடித்துத் திருகிக்கொள்வார்களாம். உப்புத்தாள் தேய்க்கும் மாரக்காள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அவர்கள் ஊரில் அம்மி கொத்துகிற ஆள் இல்லையா என்று கேட்டிருக்கிறாள். பட்டறையே சிரித்தது. அங்கமுத்துவும் சேர்ந்து சிரித்தார். எதற்குச் சிரித்தோம் என்பது மத்தியானம் பின் மிஷினில் நிற்கும் மயில்சாமி சைகையில் காட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

குமாரபாளையத்தில் பதினெட்டு வருஷம் விசைத்தறி ஓட்டிய காது அது. ஒரே கூரையின் கீழ் இருபத்துநாலு தறிகள். முதலில் ராத்திரியில் ஒரு இரைச்சல் வந்தது. பிறகு பறவைகள் போயின. அதற்கப்புறம் பெண்களின் குரல் போயிற்று. ஒருநாள் நூல் அறுந்தது தெரியாமல் நாலு கஜம் வேட்டி பாழானபோது தறிக்காரர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, இனிமேல் வர வேண்டாம் என்றார். இப்போது அவர் காதோடு வாய் வைத்து நிறுத்திப் பேசினால் கேட்கும். எட்ட நின்று பேசினால் உதடு அசைவது மட்டும் தெரியும். கேட்கவில்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் யார் எது சொன்னாலும் தலையை ஆட்டி, "செரி, செரி" என்பார்.

வீட்டில் மனைவி செல்லியம்மாள் பேச்சைக் குறைத்துக்கொண்டு வருஷக்கணக்காயிற்று. அவரிடம் சொல்வதென்றால் கத்த வேண்டும். கத்தினால் லைன் வீடு எட்டுக் குடித்தனத்துக்கும் கேட்கும். சோறு, தண்ணீர், வாடகை என்று கையால் காட்டிவிடக்கூடியவற்றோடு அவள் நிறுத்திக்கொண்டாள். அந்த வைகாசியில் மகளின் இரண்டாவது பிரசவத்துக்கு எடப்பாடிக்குப் போனாள். போகும்போது அரிசிப் பானையையும் மண்ணெண்ணெய் டப்பாவையும் தொட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

அது எண்பத்துமூன்றாம் வருஷம். மழை இல்லாமல் காவேரி பாறையாகக் கிடந்தது. அர்த்தநாரியின் பட்டறை பவானிப் பாலத்துக்குப் போகும் ரோட்டில் இருந்தது. தறிகளுக்கு ஊடைநூல் சுற்றும் தார்க்குச்சி கடைந்து கொடுப்பதுதான் வழக்கமான வேலை. மெட்ராஸ் ஏஜெண்டு ஒருவர் மூலமாக இருநூறு மிளகு மில்லுக்கு ஆர்டர் வந்ததும் எல்லா மிஷினையும் அதற்குத் திருப்பினார். கூரைக்கடியில் ஓடிய ஒரே தண்டிலிருந்து நான்கு மிஷின்களுக்கும் பெல்ட் இறங்கியது. முதல் மிஷினில் செங்கோடன் நின்றான். பட்டறையிலேயே கைத்தேர்ச்சி உள்ளவன். அடுத்தது அங்கமுத்து. அவருக்கு முதுகுப்பக்கமாக மயில்சாமி துளை போட்டான். கடைசியில் தார்க்குச்சிக்காரர் ஆண்டி.

மயில்சாமிக்கு இருபத்தேழு வயது. அங்கமுத்துவிடம் பேச வேண்டுமென்றால் அவர் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே வந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து மெல்லப் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். அவன் சொன்னால் பாதி கண்ணுக்கே கேட்டுவிடும். துளை போடும் வேலைதான் பட்டறையில் கடினமானது. சுழலும் கம்பியில் கட்டையைக் கையால் பிடித்துத் தள்ள வேண்டும். பாதித் தூரம் இந்தப் பக்கமிருந்து, பாதி அந்தப் பக்கமிருந்து. இரண்டும் நடுவில் நூல் பிசகாமல் சேர வேண்டும். பிசகினால் உள்ளே போகும் கம்பி உரசும், தலை ஆடும், மில் கழிசல். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் அங்கமுத்துவின் கையைத் தன் கைக்கடியில் வைத்து ஒரு கட்டையைத் தள்ளிக் காட்டினான். துளைகள் சேரும் இடத்தில் கட்டை சட்டென்று லேசாயிற்று. அங்கமுத்து நிமிர்ந்து பார்த்தார். மயில்சாமி சிரித்தான்.

கட்டையைக் கவ்விப் பிடிக்க ஒரு இரும்புப் பிடி வாங்கித் தரச் சொல்லி அவன் பொங்கலிலிருந்து முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஆகட்டும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மூன்று மணி வாக்கில் அங்கமுத்துவின் மிஷின் தானாக வேகம் குறைந்து நின்றது. கரண்டு போய்விட்டது என்று நினைத்து உளியைக் கீழே வைத்தார். திரும்பினார். எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மாரக்காள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது. மயில்சாமி தரையில் மரச்சீவலின் மேல் உட்கார்ந்திருந்தான். செங்கோடன் தன் துண்டை அவன் வலது கையில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றச் சுற்றத் துண்டு நிறம் மாறியது. துளைக்கும் கம்பி கட்டைக்குள் இறுகி, கட்டை அவன் பிடியோடு சேர்ந்து சுழன்றிருக்கிறது. எவ்வளவு நேரமாகக் கத்தியிருப்பான் என்று அங்கமுத்துவுக்குத் தெரியவில்லை. மூன்றடி தூரத்தில் அவர் ஒரு மில்லின் தோளை வழவழப்பாக்கிக்கொண்டிருந்தார்.

அவனைப் பாலத்துக்கு அக்கரையில் பவானியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பட்டறையைப் பூட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அங்கமுத்து தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். செங்கோடன் சைக்கிளில் வந்தான். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, வாயில் பீடியோடு பேசினான். அவன் முதுகுப்பக்கம் சூரியன் இருந்தது. முகம் கறுப்பாகத் தெரிந்தது.

"நாளைக்கு ஆரும் வேலைக்குப் போறதில்லீங்ண்ணா. கை நரம்பு அறுந்துபோச்சுங்களாமா. மூணு நாளைக்குள்ள கோயமுத்தூரு கொண்டுபோய்த் தெச்சாத்தான் வெரலு மடங்குமாமா. மொதலாளி செலவு பண்றேன்னு சொல்றவரைக்கும் மிஷின் ஓடக்கூடாது. வெடியால நேரத்துலயே எல்லாரும் பட்டறை வாசல்ல நிக்கறோம். நீங்களும் வந்துருங்க."

மயில்சாமியைப் பற்றித்தான் சொல்கிறான் என்பது அங்கமுத்துவுக்குத் தெரிந்தது. செங்கோடன் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். நாளைக்கு என்கிற மாதிரி ஏதோ உதட்டில் வந்துபோயிற்று. தைத்துக் கட்டியிருப்பார்கள், நாளைக்கு வேலை உண்டு என்கிறான் போல என்று நினைத்துக்கொண்டார்.

"செரி செங்கோடா, செரி" என்றார்.

செங்கோடன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான்.

மறுநாள் அவர் பழைய சோற்றைக் கரைத்துக்கொண்டிருந்தபோது முதலாளியின் புல்லட் லைன் வீட்டின் முன்னால் வந்து நின்றது. குடித்தனக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி அவரைப் பின்னால் ஏறச் சொன்னார். அங்கமுத்து புல்லட்டில் ஏறியதில்லை. கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார். முதலாளியே குனிந்து கால்கட்டையை இறக்கிவிட்டார். ரோடு வழியாகப் போகாமல் வாய்க்கால் கரையோரமாகச் சுற்றிப் போய்ப் பட்டறையின் பின்கதவைத் திறந்தார்.

உள்ளே யாரும் இல்லை. ரோட்டுப்பக்கத்து ஷட்டர் இறக்கியிருந்தது. மற்ற மூன்று மிஷின்களிலும் பெல்ட்டைக் கழற்றியிருந்தார்கள். மயில்சாமி நின்ற இடத்தில் தரையைக் கழுவி, அவன் சாமான்களை அங்கமுத்துவின் மிஷினுக்குப் பக்கத்தில் நகர்த்தியிருந்தார்கள். மிஷின் சட்டத்தில் ஒரு இரும்புப் பிடி, பெயிண்டு வாசனை போகாமல், புதிதாக முடுக்கியிருந்தது.

மற்றவர்கள் எங்கே என்று அங்கமுத்து கையை விரித்துக் கேட்டார். முதலாளி ஆற்றுப் பக்கமாகக் கையை நீட்டினார். பிறகு அவர் தோளில் கை போட்டு, காதோடு வாயை வைத்தார்.

"எல்லாரும் மயில்சாமிகூட இருக்கறாங்க. முப்பத்திநாலு உருப்படி கொறையுது. புதங்கெழமை லாரி. சரக்குப் போனாத்தான் அவனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கட்ட முடியும். உன்னையத்தான் நம்பியிருக்கறேன் அங்கமுத்து."

யாரும் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசி வெகுநாளாகியிருந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

அங்கமுத்து துளை போடப் பழகினார். துளைக்கம்பியைத் தன் மிஷினில் மாட்டி, இரும்புப் பிடியில் கட்டையை முடுக்கி, கம்பியை உள்ளே விட்டு, பிடியின் மேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டார். முதல் இரண்டும் சேரவில்லை. பக்கவாட்டில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயின. மூன்றாவதில் மயில்சாமி காட்டிய அந்த லேசு கைக்கு வந்தது. கட்டையை எடுத்துக் கண்ணில் வைத்துப் பின்கதவு வெளிச்சத்தைப் பார்த்தார். வட்டமாக, முழுசாக, குறுக்கே எதுவும் இல்லாமல் வெளிச்சம் தெரிந்தது.

பத்து மணிக்குமேல் ஷட்டர் அதிரத் தொடங்கியது. மடிப்புகளிலிருந்து தூசி கொட்டியது. லாரி போகிறது என்று நினைத்தார். பிறகும் இரண்டு மூன்று தடவை அதிர்ந்தது. அன்றைக்கு ரோட்டில் லாரிகள் அதிகம் போலிருந்தது. முதலாளி ஷட்டருக்கு உட்புறமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாளும் அங்கமுத்து வெளியே போகவில்லை. முதலாளி வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் சோறு வந்தது, செவ்வாய்க்கிழமை கோழிக்குழம்பு. படுக்க ஒரு பாயும் வந்தது. சதுரக் கட்டையைத் துளைத்து, உருட்டி, பாதமும் இடுப்பும் தோளும் இறக்கி, தலை கடைந்து, உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கி எல்லாவற்றையும் அவரே செய்தார். இதுவரை அவர் கைக்கு வந்தது நடு வேலை மட்டும். முன்னால் ஒருவர் செய்ததும் பின்னால் ஒருவர் செய்வதும் வேறு கைகளில் இருந்தன. ஈட்டித் தூள் மூக்கிலும் தொண்டையிலும் அப்பி, துப்பினால் கருஞ்சிவப்பாக வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், முதல் கட்டையிலிருந்து கடைசி மெழுகு வரைக்கும் தானே செய்த ஒரு மில்லில் பல்லையும் கம்பியையும் கோத்துத் தலையை மாட்டினார். தலை ஆடவில்லை. கோழிக்குழம்பிலிருந்து நாலைந்து மிளகைப் பொறுக்கித் துடைத்து உள்ளே போட்டுத் திருகினார். மிளகு நொறுங்குவது மரத்தின் வழியாக உள்ளங்கைக்கு வந்தது. ஒவ்வொன்றாக, மணல் மாதிரி. மறுபடியும் திருகினார். கையில் கொட்டிய ஈரப்பொடியை மோந்து பார்த்தார். தும்மல் வந்தது. சுற்றிலும் பார்த்தார். காட்டுவதற்கு யாரும் இல்லை. மயில்சாமிக்குக் கை சரியாகி வந்ததும் அவனிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பல்லைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து, மில்லை மற்றவற்றோடு அடுக்கினார்.

புதன்கிழமை சாயங்காலம் பின்பக்கமாக வேன் ஒன்று வந்து பெட்டிகளை லாரி ஷெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. முதலாளி அவர் முதுகில் தட்டி, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. பேட்டையில் நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பாலத்தில் நடந்தார். மூன்று நாள் கழித்துப் பார்க்கிற வெளிச்சத்தில் கண் கூசியது. கீழே பாறைகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் ஆட்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

மயில்சாமி வார்டின் ஓரத்தில் படுத்திருந்தான். வலது கை முழங்கை வரை கட்டுப்போட்டு நெஞ்சின்மேல் கிடந்தது. அங்கமுத்துவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வலி போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். சாத்துக்குடிகளைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு, சரக்குப் போய்விட்டது, இனிமேல் கவலை இல்லை, முதலாளி பணம் கட்டிவிடுவார் என்று சொன்னார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மயில்சாமியின் மனைவி வசந்தாமணி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் காதுக்கு அருகில் வாயைக் கொண்டுவந்தாள். அவள் மூச்சு காதில் பட்டது. கத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எல்லாரும் வேலைய நிறுத்திப்போட்டு ரோட்டுல நின்னாங்ண்ணா. கோயமுத்தூரு கூட்டீட்டுப் போனாத்தான் வேலைன்னு. லாரிக்குச் சரக்கு இல்லீன்னா மொதலாளி எறங்கி வந்திருப்பாரு. உள்ள மிஷின் ஓடுச்சு. ஓட்டுனது நீங்க."

அங்கமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் காதைக் கொடுத்தார். அவள் அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

"எனக்கு ஆரும் சொல்லலியே அம்மிணி."

"செங்கோடண்ணன் சொன்னாருங்களாமா. நீங்க செரின்னீங்களாமா."

அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கமாகப் போய் மயில்சாமியின் முகத்துக்கு நேரே நின்றார். அவன் கண் திறந்திருந்தது. வாயைத் திறக்கவில்லை. இங்கே மேல்தோலைத்தான் தைத்தார்கள், நரம்பைத் தைக்க இங்கே ஆள் இல்லை, நாள் கடந்துவிட்டது, விரல் இருக்கும், மடங்காது என்று வசந்தாமணி பின்னாலிருந்து சொன்னாள். அது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் தன் விரல்களை விறைப்பாக நீட்டி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார்.

மறுநாள் காலையில் அங்கமுத்து ரோட்டுப்பக்கமாகப் பட்டறைக்குப் போனார். ஷட்டர் ஏற்றியிருந்தது. வேப்பமரத்தடியில் செங்கோடனும் ஆண்டியும் மாரக்காளும் நின்றிருந்தார்கள். அவர்களைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். செங்கோடன் பீடியைக் கீழே போட்டுக் காலால் நசுக்கினான். அங்கமுத்து முதலாளியின் மேசை முன்னால் போய் நின்றார்.

"மயில்சாமியக் கோயமுத்தூருக்கு அனுப்புங்க மொதலாளி. என்ர கிட்ட நீங்க அப்படித்தான சொன்னீங்க."

மரத்தடியில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. முதலாளி சிரித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், மேசையிலிருந்து எழாமலே ஏதோ சொன்னார். உதடு அதிகம் அசையவில்லை.

"எனக்குக் கேக்கலீங்க" என்றார் அங்கமுத்து.

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. முதலாளி இன்னொரு தடவை சொல்லவில்லை. பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அங்கமுத்து வெளியே வந்தார். செங்கோடனிடம் போய், ஞாயிற்றுக்கிழமை சொன்னது தனக்குக் காதில் விழவில்லை என்று சொன்னார். செங்கோடன் அவருடைய காதையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தப் பட்டறைக்குப் போகாமல் மூன்று வாரம் அவர் வேறு வேலை தேடினார். பள்ளிபாளையத்தில் ஒரு பட்டறை, சங்ககிரியில் ஒன்று. கடைந்து காட்டச் சொன்னார்கள், காட்டினார். அவர் கைவேலை பிடித்துப் போயிற்று. பின்னால் நின்று பேசிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டார்கள். எடப்பாடியிலிருந்து செல்லியம்மாள் திரும்பி வந்தாள். அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள். அவள் எதையும் கேட்கவில்லை; லைன் வீட்டில் அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள். மறுநாள் அவர் அர்த்தநாரியின் பட்டறைக்குப் போனார். முதலாளி செங்கோடனின் மிஷினைக் காட்டினார். செங்கோடனைத் திரும்பச் சேர்க்கவில்லை. இன்னும் முந்நூறு மில்லுக்கு ஆர்டர் வந்திருந்தது. ஆண்டியும் மாரக்காளும் முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார்கள். அங்கமுத்து மிஷினடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆடி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். காலையில் மயில்சாமி வந்தான். கட்டு அவிழ்த்திருந்தது. வலது கையின் நான்கு விரல்களும் நேராக நீட்டிக்கொண்டு நின்றன. உள்ளங்கையில் தையல் தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது. முதலாளி அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். மிஷின்களுக்குக் கீழே விழும் சீவலைக் கூட்டிச் சாக்கில் கட்டிவைக்க வேண்டும். சாயப்பட்டறைக்காரர்கள் அடுப்புக்கு வாங்கிப்போவார்கள்.

இடது கையால் அவனுக்கு விளக்குமாறு பிடித்துப் பழக்கமில்லை. கடைசி மிஷினிலிருந்து கூட்டிக்கொண்டே வந்து அங்கமுத்துவின் மிஷினடிக்கு வந்தான். ஈட்டிச் சீவல் முழங்காலளவு குவிந்திருந்தது. குந்தி உட்கார்ந்து, சாக்கின் வாயை விரித்து வைத்துவிட்டுச் சீவலை அள்ளினான். அள்ளுவதற்குள் சாக்கின் வாய் மூடிக்கொண்டது. மறுபடி விரித்தான். மறுபடி மூடிக்கொண்டது. வலது கையால் விளிம்பைத் தூக்கப் பார்த்தான். விறைத்த விரல்களின்மேல் சாக்கு வழுக்கி விழுந்தது.

அங்கமுத்து உளியை வைத்துவிட்டுக் குனிந்தார். சாக்கின் வாயை இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்துக்கொண்டார்.

மயில்சாமி கையில் அள்ளிய சீவலோடு அப்படியே இருந்தான். சாக்கில் போடவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. மேலே மிஷின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளி மேசையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை மாரக்காள் வந்து அங்கமுத்துவின் முதுகைத் தொட்டாள். அவர் சாக்கை விட்டுவிட்டு எழுந்து மிஷினுக்குப் போனார்.

மயில்சாமி குனிந்து சாக்கின் ஒரு விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டான். தலையைப் பின்னால் இழுத்து, சாக்கு வாயை விரித்துப் பிடித்து, இடது கையால் ஒவ்வொரு பிடியாக அள்ளிப் போடத் தொடங்கினான்.